நாகலாபுரத்துத் தவளையின் முதுகில் ஒரு மருந்துக்கடை

ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்ததும் சுருட்டப்பள்ளி. அங்கே சிவன் படுத்திருக்கிறார். ஆலகாலத்தைக் குடித்த அயர்ச்சியில் அம்பிகையின் மடியில் தலை சாய்த்துப் பள்ளிகொண்டிருக்கும் கோலம். சிவனைப் படுத்த நிலையில் பார்ப்பது அரிது என்பதால் சென்னைக்காரர்கள் அங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துவார்கள். அதே சாலையில் மேலே போனால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் அமைத்த ஊர். அங்கே வேதநாராயணர் இடுப்புக்குக் கீழே மீனாக நிற்கிறார்.

ஒரே சாலையில் ஒருவர் நஞ்சைத் தொண்டையோடு நிறுத்தியவர், இன்னொருவர் தண்ணீரில் பிறந்தவர். நான் பார்க்கப் போன ஆளுக்கு இந்த இரண்டுமே கைவந்த கலை. அவர் இருப்பது கோயிலில் இல்லை, கோயிலைத் தாண்டிய நெல்வயலில்.

"மழ உட்ட ராத்திரி வந்து பாருங்க சார், தூங்க உடாது" என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசும் ஊர் அது. "போதுரு கப்ப சார், போதுரு கப்ப. இம்மாம் பெருசு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நம் பக்கம் வயல் தவளை, பெருந்தவளை என்று சொல்கிறோமே, அதுதான்.

அவர் சொன்னது போலவே நடந்தது. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வயல் முழுக்க ஒரே முழக்கம். டார்ச்சை வரப்போரம் அடித்தேன். அட, என்ன நிறம்! வருஷம் பூரா சேற்றுப் பச்சையில் பதுங்கிக் கிடக்கும் ஆண் தவளை, மழைக்காலத்தில் இணை தேடும்போது எலுமிச்சை மஞ்சளாகிவிடுகிறது. கத்தும்போது தொண்டையின் இரு பக்கமும் இரண்டு நீலப் பைகள் பலூன் மாதிரி உப்புகின்றன. மஞ்சள், நீலம், மஞ்சள், நீலம் என்று வயலெங்கும் விளக்கு போட்டு அணைத்தது போல. அதில் ஒன்று என் செருப்பின் மேல் குதித்துவிட்டு ஓடியது. காலில் கொஞ்சம் வழவழப்பு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கட்டுரையே அந்த வழவழப்பைப் பற்றித்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தவளைக்குச் செதில் இல்லை, முடி இல்லை, இறகு இல்லை. அந்த வெறும் தோலால்தான் அது தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சும் விடுகிறது. ஈரம் உள்ளே போகிற வழி கிருமிக்கும் திறந்திருக்கும் அல்லவா? அது வாழ்வதோ சாணமும் அழுகின இலையும் ஊறிய சேற்றுத் தண்ணீரில். ஒரு சொட்டில் எத்தனை கோடிக் கிருமி இருக்குமோ! நமக்குக் காலில் முள் கீறினால் அந்தத் தண்ணீரில் இறங்கப் பயப்படுவோம். தவளை பிறப்பதும் வளர்வதும் சண்டை போட்டுக் காயம்படுவதும் அதிலேயே. ஆனாலும் அதன் தோல் சீழ் வைத்து அழுகிப்போவதில்லை. ஏன்?

திரையை விலக்கிப் பார்க்கலாம், வாருங்கள். தவளைத் தோலில் இரண்டு விதச் சுரப்பிகள் உண்டு. ஒன்று சளி சுரக்கும், தோலை ஈரமாக வைத்துக்கொள்ளும். இன்னொன்றில் சின்னச் சின்னக் குருணைகளாகச் சரக்கு கட்டி வைத்திருக்கிறது. அந்தச் சுரப்பியைச் சுற்றி ஒரு மெல்லிய தசைவலை. பாம்பு கவ்வினாலோ தோல் கிழிந்தாலோ தவளையின் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது, தசைவலை இறுகுகிறது, உள்ளே இருக்கும் சரக்கு பிதுங்கித் தோலெங்கும் பரவுகிறது. எலுமிச்சம்பழத்தைக் கைக்குள் வைத்துப் பிழிந்த மாதிரி! அந்தச் சாற்றில் கலந்திருப்பவைதான் பெப்டைடுகள். அமினோ அமிலங்களை மணிச்சரம் போல வரிசையாகக் கோத்தால் வருவது பெப்டைடு. சரம் நீண்டுகொண்டே போனால் அதைப் புரதம் என்கிறோம், சின்னச் சரம் என்றால் பெப்டைடு.

இப்போது ஹைதராபாத் போகலாம். இது நடந்த காலத்தில் நாகலாபுரத்துக்கும் அதுதான் தலைநகரம். அங்கே உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், எல்லாரும் சிசிஎம்பி என்று சொல்லும் இடத்தில், ஆர். நாகராஜ், என். சீதாராம் முதலானோர் கிருமி கொல்லும் பெப்டைடுகளை ஆராய்ந்துவந்தார்கள். உலகத்தில் எவ்வளவோ அழகழகான தவளைகள் இருக்க, அந்தக் குழு எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? இதே வயல் தவளையை! அன்று அதன் விஞ்ஞானப் பெயர் ரானா டைகரினா, இன்று ஹாப்லோபட்ராகஸ் டைகரினஸ். பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்துப் படித்தோமே, அதே ஆள்.

அவர்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. முதலில் தவளைக்கு அட்ரினலின். பாம்பே வராமல் பாம்பு வந்ததாகத் தோல் நம்பிவிடுகிறது. சாறு பிதுங்குகிறது. அந்தச் சாறு ஒரே ஒரு பொருள் இல்லை, நூற்றுக்கணக்கில் கலந்து கிடக்கும் சாம்பார். அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இம்மாதிரி ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், துகள் அடைத்த ஒரு மெல்லிய குழாய்க்குள் அதை அழுத்தத்தோடு அனுப்புவார்கள். எண்ணெய்ப் பசை கூடினது குழாயைப் பிடித்துக்கொண்டு தாமதமாக வரும், குறைந்தது முந்திக்கொண்டு வரும். வர வர வேறு வேறு சோதனைக் குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டியது.

பிறகுதான் வேடிக்கை. வட்டத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, அது வளருமுன் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி வைப்பார்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் தட்டு முழுவதும் மோர் தடவிய மாதிரி மங்கலாகிவிடும்.  பெரும்பாலான துளிகள் வைத்த இடம் அப்படியே மங்கலாக இருக்கும். ஒரு துளி வைத்த இடத்தில் மட்டும், கண்ணாடியைத் துடைத்தது போல, பளிச்சென்று ஒரு வட்டம்! அங்கே ஒரு பாக்டீரியாவும் வளரவில்லை என்று அர்த்தம். சட்டைப் பொத்தான் அளவு வெற்றிடம். அதைப் பார்க்கும் ஆராய்ச்சி மாணவருக்கு அன்று சாப்பாடு இறங்குமா?

ஹைதராபாத்தில் அப்படி நான்கு சரங்கள் கிடைத்தன. அவற்றுக்கு டைகரினின் என்று பெயர் வைத்தார்கள். வயல் தவளையின் பெயரில் ஏற்கெனவே புலி இருந்தது, இப்போது மருந்தின் பெயரிலும் புலி. 2001-இல் ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கெமிஸ்ட்ரி இதழில் கட்டுரை வந்தது. சரத்தின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி என்ன மணி என்று பார்த்தார்கள். எடை போட்டுச் சரிபார்த்தார்கள். கடைசியில் தவளையே இல்லாமல் அதே வரிசையில் ரசாயனத்தால் சரத்தைத் தொடுத்து, கண்டது சரிதான் என்று உறுதி செய்தார்கள்.

முதல் டைகரினினைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஃபினைல்அலனின், சிஸ்டீன், த்ரியோனின், மெத்தியோனின், ஐசோலூசின், புரோலின், ஐசோலூசின், புரோலின், ஆர்ஜினின், சிஸ்டீன், டைரோசின். எண்ணிப் பாருங்கள், 11 மணிதான். இரண்டாவது மணியும் பத்தாவது மணியும் சிஸ்டீன். சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு கந்தகமும் கைகோத்துக்கொள்ள, நடுவில் இருப்பவை வளைந்து 9 மணி கொண்ட ஒரு வளையம் ஆகிவிடுகிறது. சரத்தின் நடுவை மடக்கிக் கொக்கி போட்ட மாதிரி. தவளைகளிடம் அதுவரை கண்ட கிருமிக்கொல்லிச் சரங்கள் பலவும் சுருள் வில் போலச் சுருண்டவை. இப்படி 9 மணி வளையம் போட்டது வேறெந்தத் தவளைப் பெப்டைடிலும் அதுவரை கண்டதில்லை. சுருளாத வகையில் அப்போது தெரிந்தவற்றிலேயே மிகச் சிறியதும் இதுதான்.

11 மணியில் எப்படிக் கிருமி சாகிறது? சரத்துக்கு நேர்மின்னூட்டம். பாக்டீரியாவின் மேல்சவ்வுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சரம் சவ்வுக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்குகிறது. உள்ளே இருப்பது வெளியே கசிகிறது, கதை முடிந்தது. நம் உயிரணுவின் வெளிப்பக்கச் சவ்வில் அந்த எதிர்மின்னூட்டம் அநேகமாகக் கிடையாது. அதனால் நம்மை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. சாதாரண ஆன்டிபயாடிக் கிருமிக்குள் ஏதோ ஒரு பூட்டைத் தேடிப்போகும். கிருமி பூட்டை மாற்றிவிட்டால் மாத்திரை வேலை செய்யாது. தவளை சாவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, சுவரையே இடிக்கிறது. சுவரை மாற்றிக் கட்டுவது கிருமிக்கு முடியாத காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் லேசான காரியம் இல்லை.

மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் மட்டும் 2019-இல் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று லான்செட் இதழில் கணக்கு வந்தது. அதைப் படித்தபின் இந்த 11 மணிச் சரத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

தவளைத் தோலில் மருந்து தேடும் இந்தக் கதை சூடுபிடித்த இடம் அமெரிக்கா. அங்கே தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் ஸாஸ்லாஃப் என்ற மருத்துவர், ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டைகளை வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக எடுத்துவந்தார். (அந்தத் தவளை அதற்கு முன்பே ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கர்ப்பம் சொன்ன தவளை. பெண்ணின் சிறுநீரை ஊசியாகப் போட்டால், கர்ப்பம் இருந்தால் தவளை முட்டையிட்டுவிடும்!) முட்டை எடுக்க வயிற்றைக் கீறித் தைத்து, மறுபடி தொட்டியில் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீர் அப்படியொன்றும் சுத்தமில்லை. ஆனால் தையல் போட்ட இடம் அழகாக ஆறிக்கொண்டே வந்தது. எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அவர் ஏன் என்று கேட்டார். தோலைத் தேடியதில் 23 மணி கொண்ட இரண்டு சரங்கள் கிடைத்தன. எபிரேய மொழியில் கேடயத்துக்கு மாகேன் என்று பெயர். அதை வைத்து மாகைனின் என்று அழைத்தார். கட்டுரை வந்த வருஷம் 1987.

அந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா தவளைக் கால் ஏற்றுமதியைத் தடை செய்ததும் 1987-இல்தான்! அதுவரை நம் வயல்களிலிருந்து தவளையைச் சாக்குச் சாக்காகப் பிடித்து, பின்னங்காலை மட்டும் வெட்டித் தோலுரித்து, ஐஸில் வைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றினார்கள். 1981-இல் மட்டும் 4,000 டன்னுக்கு மேல். கால் போனது சாப்பாட்டு மேசைக்கு. தோல் போனது குப்பைக்கு. காலை விற்றுத் தோலைக் கொட்டிய அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கொட்டிய தோலில்தான் டைகரினின் இருந்தது.

அதே தோலைச் சென்னை அடையாறில் சிலர் மதித்துப் பார்த்தார்கள். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிடும் தொழிலுக்காக ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், தவளைத் தோலை வைத்துப் புண் ஆறும் விதத்தை ஆராய்ந்து 1995-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இங்கே மட்டும் இல்லை, ரஷ்யாவின் பாட்டிமார்கள் பால் திரியாமல் இருக்கப் பாத்திரத்தில் ஒரு தவளையைப் போட்டுவைப்பார்களாம். மாஸ்கோ விஞ்ஞானிகள் அந்தத் தவளையின் தோலில் பெப்டைடு பெப்டைடாக எண்ணி 2012-இல் பட்டியல் போட்டார்கள். பாட்டி சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலை. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் சனில் ஜார்ஜ் முதலானோரும், அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜோஷி ஜேக்கப்பின் குழுவும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். மலைத்தவளையைப் பிடித்து, லேசான மின்தூண்டல் கொடுத்து, சாற்றை வாங்கிக்கொண்டு, தவளையைத் திரும்பக் காட்டில் விட்டுவிட்டார்கள். கிடைத்த பெப்டைடுகளில் 32-ஐ ஃப்ளூ வைரஸின் மேல் போட்டுப் பார்த்தார்கள். மருந்து தேடுகிறவர்கள் ஆயிரம், லட்சம் என்று சலித்துத்தான் ஒன்றிரண்டைப் பிடிப்பார்கள். இங்கே 32-இல் 4 வேலை செய்தன! ஜோஷி ஜேக்கப்புக்கே நம்ப முடியவில்லை.

சுருட்டப்பள்ளியை இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கில் மூன்று மனிதனின் சிவப்பணுவையும் சேர்த்து உடைத்தன. நஞ்சு தொண்டையில் நிற்காமல் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் வைரஸைக் கொன்று, சிவப்பணுவை விட்டுவைத்தது. 27 மணிச் சரம். அதற்கு உருமின் என்று பெயரிட்டார்கள். களரியில் சுழற்றும் உருமி, நாம் சிலம்பத்தில் சுருள்வாள் என்கிறோமே, அதன் பெயர். எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தால், உருமின் பட்ட ஃப்ளூ வைரஸ் உடைந்து சிதறிக் கிடக்கிறது. எலிகளுக்கு மூக்கு வழியாகக் கொடுத்துச் சோதித்ததில் மருந்து பெற்றவற்றில் 70 சதவீதம் பிழைத்தன. பெறாதவற்றில் பிழைத்தது 20 சதவீதம். 2017 ஏப்ரலில் இம்யூனிட்டி இதழில் இது வெளியானது. அது வெட்டுவது எச்1 வகை ஃப்ளூவை மட்டும்தான், எல்லா ஃப்ளூவையும் இல்லை. 2021-இல் இன்னொரு மலைத்தவளையிடமிருந்து யோதா என்ற பெப்டைடு வந்தது. டெங்கு, ஸிகா வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் உடைத்தது அது. கொசுக்கடி வாங்கும் ஊர்க்காரனாக அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

அப்படியானால் மருந்துக்கடையில் ஏன் இன்னும் தவளை மருந்து இல்லை? நியாயமான கேள்வி. மாகைனினை மாற்றியமைத்து பெக்ஸிகனான் என்று ஒரு களிம்பு செய்தார்கள், சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்கு. நல்ல குறி. நம் ஊரில் அந்தப் புண்ணால் காலையே இழந்தவர்களைத் தெரியாத வீடு உண்டா? பெரிய சோதனை வரைக்கும் வந்தது. 1999-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தர மறுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் மாத்திரையைவிட இது மேல் என்று காட்டவில்லை என்பது காரணம். மறுபடி முயன்றார்கள், 2016-இலும் தேறவில்லை.

சிக்கல் எங்கே என்றால், நம் உடம்பில் புரதத்தைத் துண்டு போடும் நொதிகள் நிறைய. சரத்தை விழுங்கினால் இட்லிப் புரதத்தைச் செரிப்பது மாதிரி வயிறு அதையும் செரித்துவிடும். ரத்தத்தில் ஏற்றினால் வெகுநேரம் தாக்குப்பிடிக்காது. அளவைக் கூட்டினால் சிவப்பணு உடையும். ஒவ்வொரு மணியாகத் தொடுப்பதற்குச் செலவும் அதிகம். 11 மணி என்றதும் நான் அப்படிக் குதித்தது அதனால்தான். சரம் சின்னதாக இருந்தால் செலவு குறையும், மணியை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்க்கலாம்.

மாற்றிக் கோத்தால் என்ன ஆகும் என்பதற்கும் தவளையே பதில் வைத்திருக்கிறது. நம் வயல் தவளைக்கு வியட்நாமில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அதன் தோலிலும் ஒரு டைகரினின் கிடைத்தது. அதற்குக் கிருமி கொல்லும் பலம் பெரிதாக இல்லை. தூக்கிப் போடவில்லை, வேறு சோதனை வைத்தார்கள். அயர்லாந்துத் தீவின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் பார்த்தபோது, அது இன்சுலின் சுரப்பைத் தூண்டியது! சர்க்கரை நோய்க்கு ஒரு புதுத் துப்பு, தவளை முதுகிலிருந்து.

சவ்வை உடைக்கும் பெப்டைடு மருந்தாகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஏதாவது பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் விசாரிக்கலாம். வேறு எதற்கும் மசியாத கிருமிக்குக் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டின் அந்த ஜாதிதான், மண் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் கேப்டோப்ரில் பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்தது. தவளையின் முறை இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன், தவளை இருந்தால்.

அந்த 'இருந்தால்'தான் கவலை. உலகத்தின் நீர்நில உயிர்களில் ஐந்தில் இரண்டு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த கணக்கெடுப்பு சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு தவளை முட்டையை விழுங்கி, வயிற்றுக்குள் குஞ்சு பொரித்து, வாய் வழியாகப் பெற்றது. அத்தனை நாளும் வயிற்றில் அமிலம் சுரக்காமல் எப்படி நிறுத்தியது என்று தேடத் தொடங்கினார்கள். 1980களில் அந்த இனமே இல்லாமல் போய்விட்டது. தேடல் அங்கேயே நின்றது.

நாகலாபுரத்து வயலில் அந்த ராத்திரி முழக்கம் விடியும் வரை ஓயவில்லை. டீக்கடையில் காலையில் இதையெல்லாம் சொன்னேன். "அந்தக் கப்ப மேலயா சார் இவ்ளோ இருக்குது?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தவளையைப் பிடித்துப் புண்ணில் தேய்க்கும் வேலை வேண்டாம். அந்தச் சாற்றில் மருந்தோடு எரிச்சலூட்டும் நஞ்சும் கலந்திருக்கிறது. தொட்டுவிட்டால் கையைக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். இன்னொன்று, மழை விட்ட ராத்திரியில் ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம், பிச்சாட்டூர் பக்கம் போகிறவர்கள் வயலோரச் சாலையில் தயவுசெய்து வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் பட்டால் தவளை ஓடாது, அப்படியே உட்கார்ந்துவிடும்.